ராமனின் அசையாத முகம்

அன்புள்ள ஐயா,

பாங்காக்கில் 'கோன்' என்னும் முகமூடி நாட்டிய நாடகம் பார்த்தேன். சீதையைப்போல உருமாறி ஆற்றில் மிதந்துவந்த அரக்கியை, இறந்த சீதை என்றே நம்பி ராமன் அழும் 'நாங் லோய்' காட்சி. வெள்ளைப் பூச்சுக்குள் ராமனின் முகம் அசையவே இல்லை. கதகளியின் கண்களைப் பார்த்தவனுக்குப் பெருத்த ஏமாற்றம். அந்தப் பூச்சு எதனால் ஆனது? நம் ராமாயணத்தை இப்படி மாற்றலாமா?

ம.

அன்புள்ள ம.,

பூச்சு முன்பு வெண்களிமண் பொடி. இப்போது கடையில் கிடைக்கும் மேடைப் பூச்சு. 'நம்' ராமாயணம் என்ற பேச்சுக்கு நான் வரவில்லை. ராமன் அவர்களுக்கும் சொந்தம்.

முகம் அசையவில்லை என்றீர்களே, அதைத்தான் சில நாட்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். கோனில் ஒருகாலத்தில் ராமனும் முகமூடிதான் அணிந்தான், பச்சை நிறத்தில். லட்சுமணனுக்குப் பொன்னிறம். பின்னாளில் தேவர்களும் மனிதர்களும் முகமூடியைக் கழற்றினார்கள். அரக்கர்களும் குரங்குகளும் கழற்றவில்லை. ராமனின் பச்சை நிறம் உடையில் மட்டும் தங்கிவிட்டது. முகத்துக்கு வந்தது வெள்ளைப் பூச்சு. அதுவும் முகமூடியேதான். முகத்தைத் திறந்துகாட்ட அல்ல, மூடிவைக்கவே அந்த ஒப்பனை. வசனத்தைக்கூட ராமன் பேசுவதில்லை. ஓரமாக அமர்ந்திருப்பவர்கள் பாடிச் சொல்கிறார்கள். வாயும் இல்லை, முகமும் இல்லை என்றால் மிச்சம் என்ன? உடம்பு!

நீங்கள் அதைப் பார்க்கவில்லை. கண்ணையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். ராமன் இடக்கையை நெற்றிக்குக் கொண்டுபோனானா? சுட்டுவிரலால் கண்ணோரத்தைத் துடைத்தானா? அதுதான் அழுகை. கோபம் வந்தால் காதுக்குக் கீழே கழுத்தை உள்ளங்கையால் தேய்த்துக் கையை வெடுக்கென இழுப்பார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டுக் கதகளியோடு ஒப்பிட வந்துவிட்டீர்கள். ஓர் ஊர்க் கலையை இன்னோர் ஊரின் அளவுகோலால் அளப்பது ரசனை அல்ல, சோம்பல்.

ஒருமுறை அங்கே ஓர் ஒப்பனை அறையில் நின்றிருக்கிறேன். ராமன் வேடமிட்ட இளைஞன் புருவத்தை மெல்லிய தூரிகையால் ஒரே இழுப்பில் வரைந்து முடித்தான். பிறகு இருவர் ஊசியும் நூலுமாக வந்து, உடையை அவன் உடம்போடு வைத்தே தைத்தார்கள். கடைசியாக மகுடத்தைக் கையில் ஏந்திக் கும்பிட்டுவிட்டு அணிந்தான். அதற்குப்பின் அவன் சிரிக்கவில்லை, யாரிடமும் பேசவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்று நம் மேடைகளில் முகத்தைக் கோணுவதையே நடிப்பு என்கிறார்கள், கைதட்டலும் வாங்குகிறார்கள். எனக்கு அது தாங்கவில்லை.

இன்னொன்று. அவர்களது குருபூசையில் மாணவர்களின் தலைமேல் ஒரு முனிவரின் முகமூடியை வைத்து ஆசி தருவார்கள். அந்த முனிவர், நாட்டிய சாத்திரம் தந்த பரதர். முகபாவம் தெரியாத கூட்டம் என்று அவர்களை எண்ணிவிடாதீர்கள், தெரிந்துதான் அடக்குகிறார்கள்.

இவ்வளவு தூரம் போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள், அதில் எனக்கு மகிழ்ச்சி. இன்னொரு முறை போனால் முன்வரிசையில் டிக்கெட் எடுங்கள். கையைப் பாருங்கள்.