ஆயிரம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர்

கேள்வி: கேலக்ஸிகளுக்கு இடையிலான தூரத்தை எப்படி மனதில் வாங்கிக்கொள்வது? நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் போகும் ஒளிக்கே லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்கிறார்கள். என் தலையில் எதுவும் ஏறவில்லை.

என் தலையிலும் வெகுகாலம் ஏறவில்லை. குற்றம் தலையில் இல்லை, அளவுகோலில் இருக்கிறது என்பது என் கட்சி.

ஆண்ட்ரோமீடா கேலக்ஸி நம்மிடமிருந்து சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. ஓர் ஒளியாண்டு, அதாவது ஒளி ஓர் ஆண்டில் போகும் தூரம், ஏறத்தாழ 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். இரண்டையும் பெருக்கிப் பூஜ்யங்களை வரிசையாக அடுக்கிக் காட்டுபவர்கள் எதையும் விளக்குவதில்லை, மலைக்க வைக்கிறார்கள், அவ்வளவுதான். ‘விமானத்தில் போனால் இத்தனை கோடி ஆண்டு’ என்ற கணக்கும் இதே ரகம். ஒரு புரியாத எண்ணைக் கொடுத்துவிட்டு இன்னொரு புரியாத எண்ணை வாங்கிக்கொள்கிறோம்.

எனக்குக் கைகொடுத்தது ஒரு தட்டு. கோடானுகோடி விண்மீன்கள் கொண்ட நம் கேலக்ஸியான பால்வீதியின் குறுக்களவு சுமார் 1 லட்சம் ஒளியாண்டு. அதை ஒரு மீட்டர் அகலமுள்ள வட்டத் தட்டாகச் சுருக்கிவிடுங்கள். இப்போது ஆண்ட்ரோமீடா எங்கே இருக்கும்? 25 மீட்டர் தள்ளி, நம்முடையதைவிடச் சற்றுப் பெரிய இன்னொரு தட்டாக. ஒரு நீண்ட கூடத்தின் இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று. இந்தக் கணக்கை முதல்முறை போட்டபோது எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. இவ்வளவுதானா என்று தோன்றியது. ஆம், தம் உடல் பருமனோடு ஒப்பிட்டால் கேலக்ஸிகள் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

உண்மையான வெறுமை தட்டுக்கு உள்ளேதான் இருக்கிறது. தட்டின் மையத்திலிருந்து 26 சென்டிமீட்டர் தள்ளி நம் சூரியன். அதற்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரி 4.24 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. தட்டில் அது 0.04 மில்லிமீட்டர், தலைமுடியின் தடிமன்கூட இல்லை. நெப்டியூன் வரையிலான நம் சூரியக் குடும்பம் முழுவதையும் தட்டில் தேடினால் சாதாரண நுண்ணோக்கியிலும் அகப்படாது. சூரியனுக்கும் பிராக்சிமாவுக்கும் நடுவே சூரியனைப் போன்ற கோளங்களை ஒட்டி ஒட்டி அடுக்கினால் சுமார் மூன்று கோடி கோளங்கள் தேவைப்படும். இரண்டு கேலக்ஸிகளுக்கு நடுவே அடுக்க இருபத்தைந்து தட்டுகள் போதும். அதனால்தான் கேலக்ஸிகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன, அப்படி மோதும்போதும் அவற்றிலுள்ள விண்மீன்கள் ஏறக்குறைய ஒன்றுகூட இன்னொன்றை முட்டுவதில்லை. ஆண்ட்ரோமீடாவும் நொடிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் நம் பக்கம் வந்துகொண்டிருக்கிறது. மோதல் நிச்சயம் என்றுதான் நெடுநாள் சொன்னார்கள். 2025இல் வெளியான ஒரு கணிப்பு, அடுத்த 1000 கோடி ஆண்டுகளுக்குள் அது நடக்க ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்புதான் என்கிறது.

இனி ஒளி. நம் அன்றாடத்தில் ஒளிக்கு வேகம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஒரு நொடியில் பூமியை ஏழரை முறை சுற்றிவிடக்கூடிய ஒன்றை எதைக்கொண்டு உணர்வது? எனக்கு உறைத்தது அப்பல்லோ பயணங்களின் உரையாடல் பதிவுகளைக் கேட்டபோது. பூமியிலிருந்து ஒரு கேள்வி போகிறது. மௌனம். பிறகுதான் நிலவிலிருந்து பதில் வருகிறது. போக 1.3 நொடி, வர 1.3 நொடி. யாரும் தயங்கவில்லை, ஒளியின் வேகத்திலேயே போகும் வானொலி அலைதான் இன்னும் போய்ச் சேரவில்லை. 1676இலேயே வானியலாளர் ஓலே ரோமர் இதே தாமதத்தை வியாழனிடம் பிடித்துவிட்டார். அதன் துணைக்கோள் அயோ 42.5 மணி நேரத்துக்கு ஒருமுறை வியாழனின் நிழலுக்குள் போகிறது. பூமி வியாழனிடமிருந்து விலகிச் செல்லும் மாதங்களில் அந்தக் கிரகணங்கள் கணக்குக்குப் பிந்திக்கொண்டே வந்தன, நெருங்கும் மாதங்களில் முந்தின. அயோ நேரம் தவறவில்லை, செய்தி வரும் வழிதான் நீண்டு குறுகுகிறது என்று அவர் கண்டார்.

அதே ஒளியைத் தட்டின் மேல் விடுங்கள். ஓர் ஆண்டில் அது 0.01 மில்லிமீட்டர் நகரும். ஆயிரம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர். நம் விரல் நகமே இதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வேகமாக வளர்கிறது. (1977இல் ஏவிய வாயேஜர் 1 விண்கலம் இந்தத் தட்டில் ஆண்டுக்கு ஒருசில அணுக்களின் அகலம் நகர்ந்துகொண்டிருக்கிறது.) ‘ஒளி எவ்வளவு வேகம்!’ என்ற வியப்பை விட்டுவிட்டு, கேலக்ஸிகளின் உலகில் ஒளி ஓர் ஊர்ந்து செல்லும் பிராணி என்று எண்ணிப் பாருங்கள். எனக்குக் கதவு திறந்தது அங்கேதான்.

இன்றிரவு ஆண்ட்ரோமீடாவிலிருந்து உங்கள் கண்ணுக்கு வந்துசேரும் ஒளியைப் பின்னோக்கித் தொடருங்கள். 25 மீட்டருக்கு அப்பால் அது கிளம்பியபோது நம் இனமே இல்லை. நம்மைப் போன்ற மனிதர்கள் தோன்றியபோது அதற்கு இன்னும் மூன்று மீட்டர் மிச்சம் இருந்தது. எழுத்து பிறந்தபோது ஐந்து சென்டிமீட்டர். 964ஆம் ஆண்டு வாக்கில் பாரசீக வானியலாளர் அல் சூஃபி அந்தக் கேலக்ஸியை ஒரு சிறு மேகம் என்று குறித்துவைத்தபோது ஒரு சென்டிமீட்டர். கலிலியோ தொலைநோக்கியை வானத்தின் பக்கம் திருப்பியபோது நான்கு மில்லிமீட்டர். 1923 அக்டோபரில் வானியலாளர் எட்வின் ஹபிள் அதற்குள் ஒரு துடிக்கும் விண்மீனைக் கண்டபோது ஒரு மில்லிமீட்டர்.

அந்தத் துடிக்கும் விண்மீனைப் பற்றிச் சொல்லாமல் போனால் 25 லட்சம் என்பதை நீங்கள் ஏன் நம்ப வேண்டும்? செஃபீடு என்ற வகை விண்மீன்கள் ஒழுங்கான கால அளவில் பிரகாசம் கூடிக் குறைபவை. மெதுவாகத் துடிப்பது உண்மையில் அதிகப் பிரகாசமானது என்பதை வானியலாளர் ஹென்ரியெட்டா லெவிட் 1912இல் காட்டினார். துடிப்பை அளந்தால் அசல் பிரகாசம் தெரியும். கண்ணுக்குத் தெரியும் பிரகாசத்தோடு அதை ஒப்பிட்டால் தூரம் வந்துவிடும். இருட்டில் தெரியும் விளக்கு எத்தனை வாட் என்று தெரிந்தால் அது எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று சொல்லிவிடலாம் அல்லவா, அதே கணக்கு. ஹபிளுக்குக் கிடைத்த விடை சுமார் 9 லட்சம் ஒளியாண்டுதான். செஃபீடுகளில் இரண்டு வகை உண்டு என்று வானியலாளர் வால்டர் பாடே பின்னர் கண்டறிந்ததும் அந்தத் தூரம் இரட்டிப்பாயிற்று. ஆனாலும் அந்த 9 லட்சமே பால்வீதிக்கு வெளியே இன்னொரு கேலக்ஸி இருக்கிறது என்று நிரூபிக்கப் போதுமானதாக இருந்தது.

நம் தட்டின் அளவில் விர்கோ கேலக்ஸிக் கொத்து அரை கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் வரும். நாம் காணக்கூடிய பிரபஞ்சத்தின் விளிம்பு 460 கிலோமீட்டர், எல்லாத் திசையிலும். அவ்வளவு தூரம் போகும்போது தட்டு உவமை கை நழுவுகிறது, ஏனென்றால் பிரபஞ்சம் விரிய விரிய வழியும் நீள்கிறது. பிரபஞ்சத்துக்கு வயது 1380 கோடி ஆண்டு, ஆனால் விளிம்பு 4600 கோடி ஒளியாண்டு தூரம் என்பதன் காரணம் அதுதான்: ஒளி நடந்துகொண்டிருக்கும்போதே, அது கிளம்பிய இடம் நம்மிடமிருந்து விலகிப் போய்க்கொண்டிருந்தது.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் ஆண்ட்ரோமீடாவை நேரில் பார்க்க எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. நகர வெளிச்சம் எட்டாத இடத்தில், நிலவில்லாத ஒரு நவம்பர் இரவில் தேடினேன். காசியோபியா என்ற விண்மீன் கூட்டத்தின் கோணல் கோட்டில் ஆழமான முனை ஏறக்குறைய அதன் பக்கம்தான் நீட்டிக்கொண்டிருக்கும். நேராக உற்றுப் பார்த்தால் மறைந்துவிடுகிறது, பார்வையைச் சற்று ஓரமாகத் திருப்பினால் ஒரு மங்கலான திட்டாகத் தெரிகிறது. விழித்திரையின் ஓரத்திலுள்ள செல்களுக்குத்தான் மங்கிய ஒளி நன்றாகப் பிடிபடும். 25 மீட்டர் ஊர்ந்து வந்த அந்த ஒளியை நான் முதலில் மேகம் என்றுதான் நினைத்தேன்.