காசிரங்கா: டிசம்பரா, மார்ச்சா?

வணக்கம் ஐயா. டிசம்பர் விடுமுறையிலேயே அசாமிலுள்ள காசிரங்கா தேசியப் பூங்காவுக்குச் சென்று காண்டாமிருகத்தைப் படமெடுக்கலாமா, கையிலுள்ள 70–300 மி.மீ. ஜூம் லென்ஸ் போதுமா என்று மன்னார்குடியிலிருந்து கேட்டிருந்தீர்கள். சம்பா அறுவடையை முடித்துக்கொண்டு பிப்ரவரி இறுதியிலோ மார்ச்சிலோ செல்வதே நல்லது. டிசம்பரில் யானைப்புல் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும். அப்போது சென்ற எனக்கு முதல் நாள் முழுவதும் முதுகுகள் மட்டுமே கிடைத்தன. வனத்துறை புல்லை எரித்தபின், கருகிய நிலத்தில் இளம்புல் துளிர்க்கும்போதுதான் காண்டாமிருகங்கள் வெட்டவெளியில் நின்று மேயும்.

2022 கணக்கெடுப்பில் அங்கு 2,613 காண்டாமிருகங்கள் இருந்தன. ஆகவே காணக் கிடைக்குமோ என்ற கவலை வேண்டாம். பூங்காவின் மேற்கிலுள்ள பகோரிப் பகுதியில் அவை பல வேளைகளில் ஜீப் பாதைக்கு அருகிலேயே மேய்வதால் உங்கள் லென்ஸே போதும்; புதிது வாங்கக் கடன்படாதீர்கள்.

கவனிக்க வேண்டியது ஒளியளவைத்தான். சேற்றில் புரண்ட கருஞ்சாம்பல் உடல் படத்தை நிறைத்தால் கேமரா அதை வெளிறச் செய்துவிடும். ஒளியளவை அரை ஸ்டாப்புக்குச் சற்று மேல் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைத்தால்தான் தோல்மடிப்புகளும், தொடையில் ஆணித்தலைகள் போலப் புடைத்திருக்கும் முண்டுகளும் துலங்கும். மாலையில் வாய்க்காலிலிருந்து சேறு சொட்டக் கரையேறும் எருமைகளை வைத்து இப்போதே பழகுங்கள். ஜீப்பில் முக்காலிக்கு இடமிராது. காலித் துணிப்பையைக் கொண்டுசென்று, அங்கே அரிசி வாங்கி நிரப்பி, கம்பியின்மேல் வைத்து லென்ஸைத் தாங்கிக்கொள்ளுங்கள்.