தமுரா, தானி, தாய்

கேள்வி: ஜப்பானின் ரியோகோ தானியை ஜூடோ ராணி என்று தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். 5 ஒலிம்பிக்கில் ஆடி 2 தங்கம்தான் வாங்கினார். 1996-இல் ஊர் பேர் தெரியாத 16 வயதுச் சிறுமியிடம் தோற்றார். இவ்வளவு ஆரவாரம் தேவையா?

பதில்: அந்தச் சிறுமிக்கு ஊரும் உண்டு, பேரும் உண்டு. வட கொரியாவின் கே சுன் ஹுய். பிற்பாடு எடைப் பிரிவு மாறி 4 முறை உலக சாம்பியன் ஆனவர். அட்லாண்டா இறுதிப் போட்டியில் அவர் வீழ்த்தியது, அதுவரை தொடர்ந்து 84 ஆட்டங்களில் தோற்காத தமுராவை (கல்யாணத்துக்கு முன் தானியின் பெயர் அதுதான்). 16 வயது உங்களுக்கு இளப்பமாகத் தெரிகிறது. 1992 பார்சிலோனாவில் வெள்ளி வாங்கியபோது தமுராவுக்கும் அதே 16தான்!

ஜூடோவில் முதுகு பாயில் படும்படி ஒரு தடவை சுத்தமாக விழுந்தால் போதும், ஆட்டம் முடிந்தது. அதற்கு இப்போன் என்று பெயர். அடுத்த செட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே இல்லை. அப்படிப்பட்ட ஆட்டத்தில் 146 செ.மீ. உயரமுள்ள ஒருவர் 48 கிலோ பிரிவில் 1993 முதல் 2003 வரை நடந்த 6 உலகப் போட்டிகளிலும் பட்டம் வென்றார். இது உங்கள் கணக்கில் வரவே இல்லையே?

2000 சிட்னி ஒலிம்பிக்குக்குப் போகும்போது, “அதிகபட்சம் தங்கம், குறைந்தபட்சமும் தங்கம்” என்றார். இரண்டு வெள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிப் பேச ஒரு துணிச்சல் வேண்டும். இறுதியில் ரஷ்ய வீராங்கனையின் தொடைகளுக்கு நடுவே காலை விட்டு, அப்படியே மேலே வாரி எறிந்தார். இப்போன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்காகக் காத்திருந்தது 8 வருடம்.

அப்புறம் அவர் சொன்னவை தமிழில் தாமாகவே மோனையாக விழுகின்றன: தமுரா என்றாலும் தங்கம், தானி என்றாலும் தங்கம். 2004 ஏதென்ஸில் சொன்னபடி செய்தார். அடுத்தது, தாயானாலும் தங்கம். 2005 கடைசியில் குழந்தை பிறந்தது. 2007-இல் ரியோவில் 7-ஆவது உலகப் பட்டம். 2008 பெய்ஜிங்கில் மட்டும் வாக்கு பலிக்கவில்லை. அரையிறுதியில் கடைசி நேரத்தில் விழுந்த ஒரு தண்டனைப் புள்ளி அவரை வெளியே தள்ளியது. பிறகு வெண்கலத்துக்கான ஆட்டத்தில் இறங்கி ஜெயித்தார். அப்போது அவருக்கு 32 வயது, பையனுக்கு இரண்டரை. அந்த வெண்கலத்தையும் உங்கள் ‘தான்’ போட்டுத்தான் எழுதுவீர்களா?