பெர்சோனா டாரட் சீட்டுக்கட்டில் 8ஆம் எண் யாருக்கு?

கேள்வி: ‘பெர்சோனா 5 ராயல்’ என்ற ஜப்பானிய வீடியோ கேமின் பாத்திரங்களைக் கொண்ட டாரட் கட்டு (பலன் பார்க்கும் படச் சீட்டுகள்) ஒன்றை என் தம்பி பரிசளித்தான். நான் படித்த புத்தகத்தில் ‘வலிமை’ 8ஆம் சீட்டு, ‘நீதி’ 11ஆம் சீட்டு. இந்தக் கட்டிலோ அவை இடம் மாறியுள்ளன. ‘விசுவாசம்’, ‘ஆலோசகர்’ என்று புத்தகத்தில் இல்லாத இரு சீட்டுகளும் இருக்கின்றன. இது அச்சுப் பிழையா? இந்தக் கட்டை எப்படி வாசிப்பது?

பதில்: அச்சுப் பிழை இல்லை. உங்கள் கட்டில் இருப்பதுதான் பழைய வரிசை. பிரான்சின் மார்செய் மரபுக் கட்டுகளில் நீதி 8 ஆகவும் வலிமை 11 ஆகவும் இருந்தன. 1888இல் லண்டனில் தோன்றிய ‘கோல்டன் டான்’ என்ற மறைஞானக் குழுவினர் சீட்டுகளை ராசிகளோடு பொருத்தியபோது, 7ஆம் சீட்டான ரதத்துக்குக் கடகமும் 9ஆம் சீட்டான துறவிக்குக் கன்னியும் அமைந்ததால், அவற்றுக்கு நடுவே சிம்மத்துக்குரிய வலிமை வர வேண்டும் என்றும், துலாம் ராசிக்குரிய நீதி பின்னால் போக வேண்டும் என்றும் முடிவு செய்தார்கள். அக்குழுவைச் சேர்ந்த ஆர்தர் எட்வர்ட் வெய்ட், ஓவியர் பமீலா கோல்மன் ஸ்மித்துடன் இணைந்து 1909இல் வெளியிட்ட கட்டு உலகெங்கும் பரவியதால், இன்றைய பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் அந்த எண்களையே தருகின்றன. பெர்சோனா தொடர் பழைய வரிசையைப் பின்பற்றுகிறது. நீங்கள் எண்ணை வைத்துப் பலன் சொல்பவராக இருந்தால், கையில் உள்ள கட்டின் எண்ணையே கொள்ளுங்கள். ஒரே வாசிப்பில் இரு மரபுகளையும் கலப்பதால்தான் குழப்பம் வருகிறது.

விசுவாசம் புதிதாகத் தோன்றினாலும் அதற்கு முன்னோர் உண்டு. 15ஆம் நூற்றாண்டில் மிலான் பிரபுக்களான விஸ்கோந்தி குடும்பத்துக்காக வரையப்பட்டு, இன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உள்ள கட்டில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு ஆகிய மூன்றும் தனித்தனிச் சீட்டுகளாக இருக்கின்றன. ஆகவே அச்சீட்டைத் தயங்காமல் வாசிக்கலாம். ஆலோசகருக்கு அத்தகைய பழைய வேர் இல்லை. அதற்குக் கேமின் கதையே அகராதி. மற்றவர்களின் வலியைத் தீர்க்கும் ஆவல் மிகுந்து, அவர்கள் எடுக்க வேண்டிய முடிவையும் தானே எடுத்துவிடத் துணியும் பள்ளி மனநல ஆலோசகர் அவர். அன்போடு வரும் உதவிக்கு எங்கே எல்லை வகுப்பது என்ற கேள்வியாக அச்சீட்டைக் கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. (நீதிச் சீட்டில் உள்ள இளம் துப்பறிவாளர் அகேச்சியைப் பற்றியும் நிறையச் சொல்லலாம், ஆனால் கேமை இன்னும் முடிக்காதவர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள்.)

நீங்கள் குறிப்பிடும் சீட்டுகளைப் பார்த்தால், உங்கள் கட்டில் மேஜர் ஆர்க்கானா, அதாவது வாழ்வின் பெரிய திருப்பங்களைப் பேசும் முதன்மைச் சீட்டுகள், மட்டுமே இருப்பதாகத் தெரிகிறது. அன்றாடச் சிறு விஷயங்களைப் பேசும் 56 மைனர் சீட்டுகள் இல்லாத கட்டில் பத்துச் சீட்டுகளைப் பரப்பினால், எல்லாமே வாழ்க்கையைப் புரட்டும் செய்தியாகத் தோன்றும். மூன்று சீட்டுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: விளையாட்டுப் படங்களை வைத்துப் பலன் பார்ப்பது டாரட்டைக் கேலி செய்வதாகாதா?

பதில்: ஆகாது. டாரட்டே 15ஆம் நூற்றாண்டு வட இத்தாலியில் சீட்டாட்டமாகப் பிறந்ததுதான். பலன் பார்க்கும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பிரான்சில் பரவியது. அங்கே இன்றும் மக்கள் டாரட்டைச் சீட்டாட்டமாக ஆடுகிறார்கள்.

கேள்வி: தோழிக்காக இதே பெர்சோனா கட்டை வாசித்தபோது ‘மரணம்’ வந்தது. வழக்கமான எலும்புக்கூட்டுக்குப் பதிலாக ஒரு பெண் மருத்துவர் இருந்தார். இதை எப்படிச் சொல்வது?

பதில்: அவர் டாக்டர் தாயே தகேமி. டோக்கியோவின் சந்து ஒன்றில் சிறு கிளினிக் நடத்துபவர். பல்கலைக்கழக மருத்துவமனையில் மேலதிகாரியின் தவறுக்குப் பழி சுமத்தப்பட்டு வெளியேற்றப்பட்ட பின்னும், ஒரு நோயாளிச் சிறுமிக்காக மருந்து கண்டுபிடிக்கும் முயற்சியைக் கைவிடாதவர். வெய்ட் கட்டில் வெள்ளைக் குதிரையில் வரும் எலும்புக்கூடு மன்னனையும் குழந்தையையும் ஒன்றாகவே பார்க்கிறது. அங்கே முடிவு வெளியிலிருந்து வருகிறது. தகேமியின் கதையிலோ பதவியும் பெயரும் போன பிறகும் தொழில் மிஞ்சுகிறது. எனவே உங்கள் தோழியிடம், இழந்தது எது, இழக்காமல் கையில் இருப்பது எது என்று முதலில் கேளுங்கள். அவர் வேலை மாற்றத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் இந்தப் படம் மிக நேராகப் பேசும். உடல்நலம் பற்றிக் கேட்டிருந்தால், படத்தில் மருத்துவர் இருக்கிறார் என்பதற்காகப் பலன் எதுவும் சொல்லாமல், உண்மையான மருத்துவரிடம் அனுப்பிவிடுங்கள்.