பெண் உருவப்படத்தில் பூவும் கொடியும் எதற்கு?

ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலைக்குப் போகும் அத்தையை வரைகிறேன், பின்னணியில் பூ வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வைக்கலாம், ஆனால் அது என்ன சொல்லும் என்று தெரிந்து வையுங்கள். 15, 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய உருவப்படங்களில் கையில் கார்னேஷன் பூ இருந்தால் பெரும்பாலும் நிச்சயதார்த்தம் அல்லது கல்யாணம். பூ என்றால் இளமை, பழம் என்றால் பிள்ளைப்பேறு. (ஆண்களுக்குப் புத்தகமும் வாளும் கிடைத்தன!)

மெக்சிகோ ஓவியர் ஃப்ரிடா காலோ 1940இல் தன்னையே வரைந்த ஒரு படத்தில் இதைத் தலைகீழாக்கினார். பின்னால் பச்சைப் பசேலென்று இலைகள். கழுத்தில் நகைக்குப் பதில் முள்மாலை, குத்திய இடத்தில் ரத்தம், மாலையில் தொங்கும் செத்த ஹம்மிங் பறவை. அங்கே இயற்கை அலங்காரம் இல்லை, வலி.

சரி, உங்கள் படத்துக்கு வருவோம். காப்பிப் பூ கோடை மழைக்குப் பின் மல்லிகை மாதிரி வெள்ளையாகப் பூத்து, சில நாளில் வாடிவிடும். அதை வைத்தால் பழைய இளமைக் கதைதான். சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடியும் வேண்டாம். பெண்ணைக் கொம்பு தேடும் கொடி என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. நானாக இருந்தால் ஒரே கிளையில் பச்சையும் சிவப்புமாகக் காய்த்த காப்பிக் கொத்தை வைத்து, பழுத்ததை மட்டும் பறிக்கும் விரல்களைக் கிட்டத்தில் காட்டுவேன். அப்புறம், விரலில் இருக்கும் கறையை அழகுக்காகத் துடைத்துவிடாதீர்கள்.