மயோனைஸ் என்பது என்ன? உடம்புக்கு நல்லதா, சமையலில் எதற்கு உதவும்?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் ஷவர்மாவுக்கும் அல்ஃபாமுக்கும் குட்டிக் கிண்ணத்தில் வெள்ளையாக வருகிறதே, அதுதான். எண்ணெயும் முட்டை மஞ்சள் கருவும் கொஞ்சம் வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறும் சேர்த்து அடித்தது.

எண்ணெய் எப்படிக் கெட்டியாகிறது? நம் தேங்காய்ப்பாலை நினைத்துக்கொள்ளுங்கள். அதுவும் தண்ணீருக்குள் மிதக்கும் பொடிப்பொடி எண்ணெய்த் துளிகள்தான். ஆனால் ஒன்றாம் பாலைச் சும்மா வைத்தால் மேலே ஆடைபோலத் திரண்டு பிரிந்துவிடும். மயோனைஸில் மஞ்சள் கருவிலுள்ள லெசித்தின் ஒவ்வொரு துளியையும் போர்த்தி, ஒன்றோடொன்று சேரவிடாமல் தடுக்கிறது. அதற்காகத்தான் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுவது. அவசரப்பட்டுக் கொட்டினால் திரிந்துவிடும்.

சத்து என்று பார்த்தால் பெரும்பாலும் கொழுப்புதான். ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 90 கலோரி, 10 கிராம் கொழுப்பு, புரதம் பெயருக்குத்தான். பாதிக்குப் பாதி கெட்டித் தயிர் கலந்தால் பாரம் குறையும், ருசியும் கெடாது.

முட்டைக்கோஸ், கேரட் சாலட்டில் பிசறலாம். மீன் கட்லெட்டுக்கும் மரச்சீனிச் சிப்ஸுக்கும் தொட்டுக்கொள்ளலாம். வெண்ணெய்க்குப் பதில் ரொட்டியின் வெளிப்பக்கம் தடவிச் சுட்டால் பொன்னிறமாக மொறுமொறுக்கும். கொதிக்கும் குழம்பில் மட்டும் போடாதீர்கள், எண்ணெய் பிரியும். பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். 2025 ஏப்ரலில் தமிழக அரசு பச்சை முட்டை மயோனைஸை ஓராண்டு தடை செய்தது அதனால்தான்.

அப்புறம், வெள்ளையாக இருப்பதால் இதைச் சீஸ் மாதிரிப் பால் பொருள் என்று பிள்ளைகளுக்கு அள்ளி வைப்பவர்கள் உண்டு. முட்டை மயோனைஸில் பால் ஒரு சொட்டுகூடக் கிடையாது.