சி லைப்ரரிகளோடு கிராஸ் கம்பைல்: கேள்வி பதில்

கேள்வி: என் கோ மொழி நிரலை எக்ஸ்86 மடிக்கணினியில், ஏஆர்எம் சிப் உள்ள 64 பிட் ராஸ்பெரி பை என்ற சிறு கணினிக்காகக் கம்பைல் செய்தேன். பிழை எதுவும் வரவில்லை. ஆனால் அங்கே எஸ்க்யூலைட் தரவுத்தளக் கோப்பைத் திறக்கும்போது "சிகோ தேவை" என்று நின்றுவிடுகிறது.

பதில்: வேறு ஆர்க்கிடெக்சருக்கு, அதாவது வேறு வகைச் சிப்புக்கு, கம்பைல் செய்யும்போது (இதுதான் கிராஸ் கம்பைல்) கோ தானாகவே சிகோவை, அதாவது கோ நிரலோடு சி நிரலை இணைக்கும் வசதியை, அணைத்துவிடும். எஸ்க்யூலைட்டைத் திறக்க நீங்கள் பயன்படுத்தும் டிரைவர் சி மொழி எஸ்க்யூலைட்டைச் சார்ந்தது என்பதால், அதன் இடத்தில் ஒப்புக்குச் சில வரிகள் மட்டுமே கம்பைல் ஆகியிருக்கின்றன. சிகோவை இயக்கி, சி கம்பைலராக ஏஆர்ச்64 (64 பிட் ஏஆர்எம்) ஜிசிசியைக் கொடுங்கள்.

கேள்வி: ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியை நிறுவிய பிறகும், லிங்கர் (நிரலை லைப்ரரிகளோடு இணைக்கும் கருவி) அது "பொருந்தவில்லை" என்று தள்ளிவிட்டு, "கிடைக்கவில்லை" என்கிறதே?

பதில்: நீங்கள் நிறுவியது உங்கள் மடிக்கணினிக்கான லைப்ரரி. லைப்ரரியில் என்னென்ன இருக்கின்றன என்று கம்பைலருக்குச் சொல்லும் ஹெடர் கோப்புகள் பெரும்பாலும் எல்லா ஆர்க்கிடெக்சருக்கும் பொதுவானவை என்பதால் கம்பைலர் குறை சொல்லாமல் கடந்துவிடும். குட்டு லிங்கரிடம்தான் உடையும். டெபியன் லினக்ஸில் டிபிகேஜி என்ற தொகுப்புக் கருவி வழியாக ஏஆர்எம்64 (ஏஆர்ச்64க்கு டெபியன் வைத்த பெயர்) ஆர்க்கிடெக்சரைச் சேர்த்து, அதற்குரிய டெவ் (கம்பைல் செய்வதற்கான) தொகுப்பை நிறுவினால், இரண்டும் தனித்தனி அடைவுகளில் முட்டிக்கொள்ளாமல் இருக்கும். அடுத்தது, லைப்ரரிகள் எங்கே இருக்கின்றன என்று கம்பைலருக்குச் சொல்லும் பிகேஜி-கான்ஃபிக். அதன் 'பாத்' மாறி, தேடும் இடங்களோடு இன்னொன்றைச் சேர்க்க மட்டுமே செய்யும். 'லிப்டிர்' மாறிதான் இயல்பான இடங்களையே மாற்றும். ஆகவே லிப்டிரை அமையுங்கள். உங்கள் சொந்தக் கணினியின் லைப்ரரி அடைவு பிகேஜி-கான்ஃபிக்கின் கண்ணில் படவே கூடாது.

கேள்வி: உபுண்டு 22.04இல் உருவாக்கிய நிரல், டெபியன் 11இல் "ஜிலிப்சி 2.34 இல்லை" என்கிறது.

பதில்: ஜிலிப்சி என்பது லினக்ஸ் நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை சி லைப்ரரி. உபுண்டு 22.04இல் இருப்பது 2.35, டெபியன் 11இல் 2.31. பழைய ஜிலிப்சியோடு உருவாக்கிய நிரல் புதியதில் ஓடும், மறுபுறம் நடக்காது. நிரல் ஓடவேண்டிய கணினிகளில் மிகப் பழையது எதுவோ, அதன் ஜிலிப்சியோடு உருவாக்குங்கள். சி நிரலையும் கம்பைல் செய்யும் ஜிக் கம்பைலரில் இலக்கின் (நிரல் ஓடவேண்டிய கணினி வகையின்) பெயரோடு 2.31 என்று சேர்த்தாலே போதும்.

கேள்வி: எனக்கும் அதே பிழை. சர்வரின் ஜிலிப்சியையே மாற்றிவிடலாமா?

பதில்: கூடாது. அந்தச் சர்வரில் ஏறத்தாழ எல்லா நிரல்களும் அதை நம்பியே ஓடுகின்றன. மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

கேள்வி: எதற்கு இவ்வளவு பாடு? ஜிலிப்சிக்கு மாற்றான மசல் லைப்ரரியை வைத்து, எல்லா லைப்ரரிகளையும் நிரலுக்குள்ளேயே ஸ்டாட்டிக்காக இணைத்தால் ஜிலிப்சியே வேண்டாமே.

பதில்: சிறு கருவிகளுக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் நீங்கள் சார்ந்திருக்கும் ஒவ்வொரு சி லைப்ரரியையும் மசலுக்காக மறுபடி கம்பைல் செய்தாக வேண்டும். ஜிலிப்சிக்கு உருவாக்கியதைக் கலந்தால் எங்கே உடையும் என்று சொல்ல முடியாது. நிரல் இயங்கும்போது பிளகின்களை (கூடுதல் துணை நிரல்களை) ஏற்றுவதும் நடக்காது.

கேள்வி: பிளகின் இல்லாத நிரலுக்கு?

பதில்: அப்போதும் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், டெபியன் தரும் திருத்தம் உங்கள் நிரலுக்குள் வராது, நீங்களே மறுபடி கம்பைல் செய்து ஒவ்வொருவருக்கும் அனுப்பவேண்டும். அந்தப் பொறுப்பை ஏற்கிறவர் தாராளமாக ஸ்டாட்டிக்காக இணைக்கலாம்.

கேள்வி: ஆண்ட்ராய்டுக்கு?

பதில்: ஆண்ட்ராய்டின் கருவித் தொகுப்பான என்டிகேயிலேயே கிளாங் கம்பைலரும் சிஸ்ரூட்டும் (இலக்குக் கணினியின் ஹெடர்களும் லைப்ரரிகளும் உள்ள அடைவு) இருக்கின்றன; அதன் ஆவணத்தைப் பாருங்கள்.

கேள்வி: ராஸ்பெரி பை ஜீரோவின் முதல் மாடலில் "செல்லாத கட்டளை" என்று நிரல் உடனே நிற்கிறது.

பதில்: அதன் சிப் ஏஆர்எம்வி6, டெபியனின் ஏஆர்எம்எச்எஃப் (32 பிட் ஏஆர்எம்) கம்பைலர் அதற்குப் பிந்தைய ஏஆர்எம்வி7க்கானது. கம்பைலருக்குத் தரும் கொடியை (விருப்பத்தேர்வை) மட்டும் மாற்றுவது போதாது, ஏனெனில் கம்பைலரோடு வரும் தொடக்கக் கோப்புகளும் லைப்ரரிகளும் ஏஆர்எம்வி7ஆகவே இருக்கும். ஏஆர்எம்வி6க்கென உருவாக்கிய கம்பைலரையும் ராஸ்பெரி பை ஓஎஸ்ஸிலிருந்து எடுத்த சிஸ்ரூட்டையும் பயன்படுத்துங்கள். பிகேஜி-கான்ஃபிக்கின் லிப்டிரையும் அந்தச் சிஸ்ரூட்டுக்கே திருப்புங்கள்.